துடுப்பை நிமிர்த்திப் பிடித்த படகுக்காரர்கள்

வெனிஸ் நகரத்துக்குள் சக்கரம் வைத்த எந்த வண்டியும் ஓடாது என்று கோவையில் கிளம்பும்போதே சொன்னார்கள். நான் முழுதாக நம்பவில்லை. ஒரு மொபெட்கூடவா ஓடாது? கேஸ் சிலிண்டர் எப்படி வரும், வீடு கட்டச் சிமெண்ட் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் காலை ஓட்டல் ஜன்னலைத் திறந்தேன். கீழே கால்வாயில் ஒரு படகு போனது. அதில் ஒரு வாஷிங் மிஷின், சில சிமெண்ட் மூட்டைகள், மூட்டைகளின் மேல் ஒரு நாய். அதோடு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன்.

நான் போட்டோகிராபர் இல்லை. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்து, பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவன். படம் எடுப்பவள் என் மனைவி சாந்தாமணி. காங்கேயம் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் ஒரு காளையை விற்பதாகப் பேச்சு வந்தது. விற்பதற்கு முன் ஒரு படமாவது இருக்கட்டும் என்று எங்கள் மகளின் பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனவள், பொழுது சாயும்வரை அந்தக் காளையோடு பட்டிக்குள்ளேயே நின்றாள். அவள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு என் மாமனார் காளையை விற்கவில்லை. அப்படித்தான் அவள் போட்டோகிராபர் ஆனாள்.

இந்தப் பயணம் கோவையில் இருக்கும் ஒரு போட்டோ குழுவின் பயணம். கூட்டி வந்தவர் பிரசன்னா. முப்பத்தைந்து வயது இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாடு என்று ஆட்களை அழைத்துப் போகிறவர். கண் டாக்டர் ஒருவர், கல்லூரி வாத்தியார்கள், பனியன் கம்பெனிக்காரர் என்று ஆளுக்கொரு கேமரா. கேமரா இல்லாமல் வந்தவன் நான் ஒருத்தன்தான். சாந்தாமணியின் முக்காலி ஸ்டாண்டையும், பருப்புப்பொடி டப்பாவையும், கடலை உருண்டைப் பொட்டலத்தையும் சுமப்பது என் வேலை.

அடுத்த நாள் விடிவதற்கு முன்பே பிரசன்னா எங்களைப் பெரிய சதுக்கத்துக்கு நடத்திக்கொண்டு போனார். கரையோரம் கோண்டோலா என்கிற ஒல்லியான நீளப் படகுகள் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு முன்பே உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே ஸ்டாண்டை ஊன்றி வைத்திருந்தார்கள். தைப்பூசத் தேருக்கு இடம் பிடித்த கூட்டம் மாதிரி முழங்கையும் முழங்கையும் உரசிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஒரே படத்தை எடுத்தார்கள். சாந்தாமணியும் எடுத்தாள். எடுத்துவிட்டு, "ஏனுங்க, இது கடையில விக்கிற படமாட்டவே இருக்குதுங்க," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

காலைச் சாப்பாடு நின்றபடிதான். காபி கொடுத்தார்கள். நம் ஊர் டபராவின் அடியில் மிஞ்சுகிற டிகாக்‌ஷன் இருக்குமே, அவ்வளவுதான் மொத்தக் காபியும். உள்ளூர்க்காரர்கள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்கு ஓடினார்கள். நான் மறுபடி ஊற்றுவார்கள் என்று நினைத்துக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றேன். எங்களோடு இருந்த உள்ளூர் வழிகாட்டி லூச்சியா சிரித்துவிட்டாள். லூச்சியாவுக்கு எங்கள் மகள் வயது. இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள்.

அதற்குப் பிறகு வண்ண வண்ண வீடுகள் இருக்கிற ஒரு தீவுக்குப் போவதாகத் திட்டம். இந்த ஊர் டவுன் பஸ் என்பது ஒரு மோட்டார் படகு. அதற்கும் நம்பர் உண்டு, ஸ்டாப் உண்டு, கண்டக்டரும் உண்டு. விசிலுக்குப் பதில் அவர் கையில் கயிறு. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கயிற்றை வீசிச் சுற்றி இறுக்கி, கம்பிக் கதவை இழுத்து ஆட்களை விடுகிறார். இரும்பு வேலை செய்கிறவன் ஆனதால் எனக்கு அந்தச் சுற்றிலேயே கண். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கிழக்கே போகும் பஸ்ஸும் மேற்கே போகும் பஸ்ஸும் வேறு வேறு பக்கம் நிற்கும். இங்கே இரண்டு திசைக்கும் ஒரே மிதவை மேடை. பிரசன்னா "ஏறுங்க, ஏறுங்க" என்று அவசரப்படுத்த, பின்னால் வந்த லூச்சியா கத்துவதற்குள் எல்லோரும் ஏறிவிட்டோம். அவளும் தாவி ஏறினாள். படகு எதிர்த் திசையில் போனது.

"பரவாயில்லை, இறங்கி மாறிக்கலாம்," என்றார் பிரசன்னா. இறங்கிய இடம் நகரத்தின் கடைக்கோடி. நினைவுப் பொருள் கடைகள் இல்லை. சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டி இந்த வீட்டு லுங்கிக்கும் அந்த வீட்டுப் போர்வைக்கும் ஒரே வெயில். லுங்கி என்பது என் ஊகம். ஏதோ கட்டம் போட்ட துணி. ஒரு வீட்டுக்குள் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். வெனிஸ் வந்து முதல் தடவையாக எனக்குப் பசித்தது. சாந்தாமணியின் முகமும் மலர்ந்தது. இங்கேயே சுற்றலாம் என்று எல்லோரும் சொல்ல, தீவுத் திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு வளைவுப் பாலத்தின் மேல் ஏறினோம். எதிரே ஒரு சிறிய தேவாலயம். அதன் படிகள் நேராகக் கால்வாயில் இறங்கின. தண்ணீரில் சில நீண்ட படகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணுமாகச் சிலர், எல்லோரும் வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டை. உட்காரவில்லை, கையில் துடுப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஊரில் நின்றுகொண்டேதான் துடுப்புப் போடுவார்களாம்.

"படகுப் போட்டிக்குப் பிராக்டீஸ்! நமக்கு அதிர்ஷ்டமுங்க!" என்றார் பிரசன்னா. ஆளுக்கொரு இடம் காட்டி நிறுத்தினார். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முழுக்க எங்கள் கேமராக்கள். சடசடவென்று சத்தம் ஆரம்பித்தது.

தேவாலயக் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் தோளில் ஒரு மரப்பெட்டியைச் சுமந்து வெளியே வந்தார்கள். பெட்டியின்மேல் வெள்ளைப் பூ. பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாம்பல் நிறக் கோட்டில், யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார்.

சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி கேட்டது. முன்னைவிட வேகமாக.

கீழே ஒரு படகில் இருந்தவர் எங்களை அண்ணாந்து பார்த்துக் கையை உயர்த்தி வேண்டாம் என்று அசைத்தார். சாம்பல் கோட்டுப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் சொல்ல வேண்டியதில்லை. லூச்சியா முகம் வெளுத்துப்போய், "நிறுத்தச் சொல்லுங்கள், இது சாவு," என்றாள்.

பிரசன்னா தாழ்ந்த குரலில், "சத்தம் வராம வச்சுக்கங்க. நிறுத்தாதீங்க. இந்த மாதிரி ஃப்ரேம் ஆயுசுக்கு ஒருதடவைதான் கிடைக்கும்," என்றார்.

சாந்தாமணி தன் கேமராவின் மூடியைப் போட்டாள். கைப்பிடிச் சுவரோரம் நின்றவர்களுக்கு முன்னால் போய், முதுகைச் சுவரில் சாய்த்து, எங்கள் எல்லோரையும் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் கேமராவக் கீழ வைங்க."

கூட்டத்தில் வாயே திறக்காதவள். ஓட்டலில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட என்னைக் கேட்கச் சொல்பவள். டாக்டர் சட்டென்று கேமராவை இறக்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். பிரசன்னா இறக்கவில்லை.

"அக்கா, சித்த அக்கட்டால தள்ளிப் போங்க. இதுக்குத்தானுங்களே இத்தனை தூரம் வந்தோம்?"

"எங்கப்பாவோட அஸ்தியக் கொடுமுடில கரைக்கறப்ப," என்றாள் சாந்தாமணி. குரல் உயரவில்லை. "படித்துறை மேல இப்பிடித்தானுங்க நாலஞ்சு பேரு கேமராவோட நின்னாங்க. எங்கண்ணன் காவேரிக்குள்ள எறங்கறாரு, நான் ஓரமா நின்னு அழுவறேன். டக்கு டக்குனு சத்தம். ஏனுங்க எடுக்கறீங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலீங்க. அந்தப் படம் எந்த ஊட்டுல மாட்டியிருக்குதோ, எந்தப் போட்டில பரிசு வாங்குச்சோ. எங்க ஊட்டுல இல்லீங்க தம்பி."

நானும் அன்று கொடுமுடியில் இருந்தேன். அந்தப் படித்துறையில் அவளுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றேன். ஆற்றையும் மச்சானையும் ஐயரையும் பார்த்தேன். கேமரா வைத்திருந்தவர்களைக் கவனிக்கவே இல்லை. இத்தனை காலம் அவள் என்னிடமும் சொன்னதில்லை.

பிரசன்னா கேமராவை இறக்கினார். காது சிவந்திருந்தது.

சாந்தாமணி தன் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, லூச்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்திலிருந்து இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். படியில் நின்ற அந்தச் சாம்பல் கோட்டுப் பெண்ணின் முன்னால் போய்க் கை கூப்பினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த பிறகும் சில பேர் எடுத்துவிட்டார்கள், தப்புத்தான், மன்னிக்க வேண்டும். லூச்சியா அதை இத்தாலிய மொழியில் சொன்னாள்.

அந்தப் பெண் சாந்தாமணியின் புடவையையும், அதன்மேல் போட்டிருந்த என் ஸ்வெட்டரையும் பார்த்தார். பிறகு கேட்டார், லூச்சியா மொழிபெயர்த்தாள்: "நீங்கள் படம் எடுப்பவரா?"

"ஆமாங்க," என்றாள் சாந்தாமணி. தமிழிலேயே சொல்லிவிட்டாள். அதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் பாவ்லா. பெட்டியில் இருப்பது அவருடைய அப்பா. இந்த நகரத்தின் பஸ் படகை ஓட்டியவர். வேலை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் துடுப்புப் போட்டவர். பாவ்லாவின் தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அவனுக்குக் காட்ட எடுக்கலாம் என்று போனை எடுத்தேன்," என்றார் பாவ்லா. "இன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் கை நிற்கவில்லை. நீங்கள் எடுத்துத் தருவீர்களா? அவனுக்காக."

சாந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்டாண்டை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அந்தக் குளிரில், பாசி படிந்த கடைசிப் படியில் வெறுங்காலோடு இறங்கி நின்றாள். வழுக்கக் கூடாது என்றுதான் கழற்றினாள் என்று நான் நினைத்தேன். பிறகு கேட்டபோது, "சாவு ஊடுங்க. செருப்போட எப்பிடிங்க நிக்கிறது?" என்றாள்.

பாலத்தின் மேல் பிரசன்னா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தாங்கள் அவள் படத்தில் விழாதபடி மற்றவர்களை எல்லாம் பின்னால் நகர்த்தி, சந்துக்குள் அனுப்பிவிட்டு, தானும் போய் மறைந்துகொண்டார்.

பெட்டியைப் படகில் இறக்கினார்கள். நம் ஊரில் என்றால் சங்கும் சேகண்டியும் கேட்கும், ஒப்பாரி கேட்கும். இங்கே படியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். முதலில் எனக்குத் திக்கென்றது. சாவுக்குக் கை தட்டுவார்களா? லூச்சியா என் காதோடு, "வாழ்ந்து முடித்ததற்கு," என்றாள். ஜன்னல்களில் நின்றவர்களும் தட்டினார்கள். தண்ணீரில் பட்டு அந்தச் சத்தம் சந்தெல்லாம் ஓடியது. நானும் தட்டினேன்.

பெட்டி ஏறிய படகு மெதுவாக நகர்ந்தது. அப்போது யாரோ ஒரு சொல் சொன்னார்கள். வரிசையாக நின்ற படகுகளில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, செங்குத்தாக, வானத்தைப் பார்த்து நிமிர்த்திப் பிடித்தார்கள். துடுப்பு ஒவ்வொன்றும் ஆள் உயரத்தில் இரண்டு மடங்கு. யாரும் அசையவில்லை. அந்தத் துடுப்புகளுக்கு நடுவே பெட்டி போனது. துடுப்புப் போடுகிறவர் யாராவது இறந்தால் கூட இருந்தவர்கள் செய்கிற மரியாதையாம் அது.

சாந்தாமணி ஒரு தடவை அழுத்தினாள். காத்திருந்தாள். இன்னொரு தடவை. மொத்தமே கைவிரலில் எண்ணிவிடலாம். நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் கடைசல் முடியும் நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேனே, அப்படி நின்றாள். இவள் என் பெண்டாட்டி என்று அங்கே நின்ற யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல எனக்குப் பாஷை இல்லை.

படகு, இந்த ஊர்க் கல்லறை இருக்கிற தனித் தீவின் பக்கம் திரும்பி மறைந்தது. துடுப்புகள் மெல்ல இறங்கின. பாவ்லா சாந்தாமணியைக் கட்டிக்கொண்டார். பிறகு தன் ஈமெயில் விலாசத்தை லூச்சியாவின் போனில் பதிந்துவிட்டு, உறவினர்களோடு அடுத்த படகில் ஏறிப் போனார்.

தேவாலயத்துக்குப் பக்கத்துச் சிறிய சதுக்கத்தில் மூடி போட்ட ஒரு பழைய கிணற்று மேடை இருந்தது. சாந்தாமணியை அதில் உட்கார வைத்தேன். கால் பனிக்கட்டி மாதிரி இருந்தது. என் துண்டால் துடைத்துவிட்டேன். ஒரு கடலை உருண்டையைக் கையில் வைத்தேன். கடித்தாள்.

"நல்லா வந்துருக்குதா?" என்று கேட்டேன்.

கேமராவின் பின்பக்கத்தை எனக்கு மட்டும் காட்டினாள். வரிசையாக நிமிர்ந்த துடுப்புகள். நுனியிலிருந்து சொட்டும் தண்ணீர், வெயில் பட்டு நூல் நூலாக. நடுவில் பெட்டியும் பூவும். ஓரத்தில் பாவ்லா, அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, துடுப்புகளை அண்ணாந்து பார்க்கிறார். அவர் முகத்தில் அழுகை இல்லை. எங்கப்பனுக்கு எத்தனை மரியாதை பாருங்கள் என்கிற முகம்.

எனக்குப் போட்டோ பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நல்ல வேலையைப் பார்த்தால் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு லூச்சியா ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனாள். கணவாய் மீனின் மையில் செய்த சோறு வந்தது. கன்னங்கரேல். தீய்ந்துபோனதைக் கொடுத்துவிட்டார்கள் என்று நான் தட்டைத் தள்ளி வைக்க, கடைக்காரர் பதறிவிட்டார். மை என்று தெரிந்து சாப்பிட்டேன், ருசிதான். மேலே கொஞ்சம் பருப்புப்பொடி தூவியதும் இன்னும் ருசி. கடைக்காரருக்கும் தூவிக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பொடியின் பெயரைக் கேட்டு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். "பருப்புப்பொடி" வாயில் வரவில்லை. எல்லோருக்கும் பல் கறுத்திருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம்.

பிரசன்னா மட்டும் சாந்தாமணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, நான் பேசினது தப்புங்க."

"வுடுங்க தம்பி. நீங்கதானுங்களே எல்லாரையும் ஒதுக்கி உட்டீங்க. உக்காந்து சாப்பிடுங்க, ஆறிப்போகுது," என்றாள் அவள்.

பொழுதோடு ஓட்டலுக்குத் திரும்பியதும், தினமும் நடப்பதுபோல, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒவ்வொருவரின் அன்றைய சிறந்த படத்தையும் போட்டுப் பார்த்தோம். வீடு திரும்பிய பிறகு குழுவின் கண்காட்சிக்கு இதிலிருந்துதான் எடுப்பார்கள். டாக்டர் தன் முறை வந்ததும் எழுந்து, பாலத்தின் மேலிருந்து எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டதாகச் சொல்லி, துணி காயும் சந்தின் படத்தைக் காட்டினார். மற்றவர்களும் அப்படியே வேறு படங்களைத்தான் காட்டினார்கள்.

சாந்தாமணியின் முறை. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுவரில் வந்தது காய்கறிப் படகில் முள்ளங்கிக் கட்டுகளின்மேல் தூங்கும் ஒரு பூனை.

"நல்லா இருக்குதுங்க," என்றார் பிரசன்னா. கொஞ்சம் நிறுத்தி, "அக்கா, அந்தத் துடுப்புப் படம்?" என்றார்.

"அதை அவங்களுக்கு அனுப்பிப்போட்டனுங்க."

"அனுப்புனது சரிதானுங்க, வேண்டாங்கலை. ஆனா எங்களுக்கும் ஒருதடவை காட்டுங்க. கண்காட்சில அதுதான் முதல்ல நிக்கும்."

"தம்பிக்காக எடுத்துக் குடுங்கன்னு கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். அவங்க ஊட்டுப் படமுங்க அது," என்றாள் சாந்தாமணி. கோபம் இல்லை, வீம்பு இல்லை. பூனைப் படத்தைப் பார்த்து, "இது போதாதுங்களா?" என்று கேட்டாள்.

என் வாய் துறுதுறுத்தது. நான் பார்த்தேன், அப்படி ஒரு படம் உங்களில் யாரும் எடுத்திருக்க மாட்டீர்கள் என்று சொல்ல வந்தேன். மேசைக்கு அடியில் என் கால்மேல் அவள் கால் அழுத்தியது. சும்மா இருந்தேன். அந்த அறையில் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவன் கேமரா இல்லாத நான்தான்.

மீதி நாட்களில் வண்ண வீட்டுத் தீவையும் பார்த்தோம், கண்ணாடி ஊதுகிற பட்டறையையும் பார்த்தோம். அந்த உலையைப் பற்றி நான் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து லூச்சியா வழியாகப் பாவ்லாவின் செய்தி வந்தது. அவருடைய தம்பி அந்தத் துடுப்புப் படத்தைப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாராம். காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நின்று காபி குடிக்கிறாராம். சாந்தாமணி அதைப் படித்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இட்லி ஊற்றப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். டி.வி.யில் வெனிஸ் படங்களை ஓட்டிக் காட்டினோம். கோண்டோலா, பாலம், பூனை. சம்பந்தி ரசித்துப் பார்த்தார். கடைசியில், "அம்மணி எடுத்ததுல இருக்கறதுலயே நல்ல படம் எதுங்க சம்பந்தி?" என்று என்னைக் கேட்டார்.

சாந்தாமணி சமையல் கட்டில் இருந்தாள். இந்தத் தடவை என் காலை மிதிக்க ஆள் இல்லை.

"அது இங்க இல்லீங்க," என்றேன். "ஆஸ்திரேலியாவுல ஒருத்தரு ஊட்டுச் செவுத்துல இருக்குதுங்க."